நாடுகடத்தல் வழக்கை நிறுத்த முடியுமா? அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மெக்சிகோ எல்லை வழியாக வந்து புகலிடம் கேட்டிருக்கிறேன். வழக்கைத் தள்ளுபடி செய்ய அரசு வழக்கறிஞரே முன்வந்தால் ஒப்புக்கொள்ளலாமா, ஐயா?

பதில்: அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். 2025 மே முதல் பல ஊர்களில் நடந்தது இதுதான்: தள்ளுபடி ஆனதும் அந்த மனிதர் சிரித்த முகத்துடன் வெளியே வருவார்; வராந்தாவில் காத்திருக்கும் அதிகாரிகள் அங்கேயே கைது செய்வார்கள். பிறகு விரைவு வெளியேற்ற நடைமுறை. அதில் முழு விசாரணை கிடையாது. திரும்பிப் போக அஞ்சுவதாகச் சொன்னால் ஒரு நேர்காணல் உண்டு, அவ்வளவே. அந்த முடிவை எதிர்த்து மற்ற நீதிமன்றங்களுக்குப் போகும் வழியும் மிகக் குறுகியது. 2020இல் இலங்கைத் தமிழர் விஜயகுமார் துரைசிங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. வழக்கோடு நீதிமன்றத்தில் உள்ள புகலிட மனுவும் போகும். அதை நம்பியிருக்கும் வேலை அனுமதியும் ஆட்டம் காணும். "ஆட்சேபிக்கிறேன், எழுத்தில் பதில் தர அவகாசம் வேண்டும்" என்று நீதிபதியிடம் கேளுங்கள்.

கேள்வி: நிர்வாக முறையில் மூடிவைத்தால் வழக்கு முடிந்ததாகத்தானே பொருள்?

பதில்: இல்லை, விசாரணைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு உறங்குகிறது. இரு தரப்பில் யார் கேட்டாலும் மீண்டும் பட்டியலுக்கு வரலாம். ஆனால் புகலிட மனு உயிரோடு இருக்கும் என்பதால், என்னைக் கேட்டால் பலருக்குத் தள்ளுபடியைவிட இது மேல். இப்படி மூடிவைக்கும் அதிகாரமே நீதிபதிகளுக்கு இல்லை என்றார் 2018இல் நீதித்துறை அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் செஷன்ஸ். 2021இல் அதே பதவியில் இருந்த கார்லண்ட் அதைத் திருப்பிக் கொடுத்தார். இந்த நீதிமன்றங்கள் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் இருப்பதால் ஆட்சிக்கு ஆட்சி இந்த இழுபறி.

கேள்வி: பத்து ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டால் கிரீன் கார்டு கிடைக்குமாமே?

பதில்: ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. நன்னடத்தை வேண்டும், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள துணைவர், பெற்றோர் அல்லது பிள்ளைக்கு மிக அசாதாரணமான துன்பம் நேரும் என்று நிரூபிக்கவும் வேண்டும். அதிலும் ஆண்டுக்கு 4,000 பேருக்குத்தான் இடம்.

கேள்வி: விசாவில் வந்து காலம் கடந்து தங்கிவிட்டேன். மனைவி அமெரிக்கக் குடிமகள்.

பதில்: முறையாக நுழைந்தவர் என்பதால், பொதுவாக நீதிபதியிடமே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்காக மனைவி போட்ட மனு நிலுவையில் இருந்தால் அதன் ரசீதைக் காட்டித் தவணை கேளுங்கள்.

கேள்வி: விசாரணைக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது. நான் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு போட்டுவிட்டார்கள்.

பதில்: வழக்கை மீண்டும் திறக்க மனுப் போடுங்கள். கடுமையான நோய் போன்ற காரணம் என்றால் 180 நாள் கெடு. முறையான அறிவிப்பே வரவில்லை என்றால் கெடு இல்லை. நீதிபதி முடிவு சொல்லும்வரை நாடுகடத்தல் தானாக நிற்கும். ஆனால் வீடு மாறிய 5 வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த முகவரி மாற்றப் படிவத்தின் நகலைத் தேடி எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள்.