கமாண்டர் ஜீப்பைக் கயிறு கட்டி இழுப்பது ஏன்?

வாசகி, கம்மவான்பேட்டை: என் மகன் ராணுவத்தில் நாயக். அவனுடைய சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி, கமாண்டிங் ஆபீசர்) மாற்றலாகிப் போனபோது எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தான். பூ அலங்காரம் பண்ணிய ஜீப்பில் அவரை நிற்க வைத்து, ஆளாளுக்குக் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். என் பிள்ளையும் இழுக்கிறான். பெற்ற மனசுக்கு உறுத்துகிறதே, இது என்ன பழக்கம்?

பதில்: உறுத்தவே வேண்டாம் அம்மா. வீடியோவை நிறுத்திப் பாருங்கள், அதே கயிற்றில் மேஜர், கேப்டன், சுபேதார் சாப் எல்லோருடைய கையும் இருக்கும். பிரிட்டிஷ் படைகளிலிருந்து வந்த மரபு இது. எங்களை வழிநடத்தியவரை வெறுமனே வண்டியேற்றி அனுப்ப மாட்டோம், நாங்களே வாசல் வரை கொண்டுபோய் விடுவோம் என்பதுதான் அதன் பொருள். நீங்கள் பார்த்தது கடைசிச் சில நிமிடங்கள் மட்டும். அதற்கு முன்பே சைனிக் சம்மேளன் என்கிற வீரர்கள் கூட்டத்தில் எல்லோரிடமும் பேசி, படா கானா என்கிற பெரிய விருந்தில் ஜவான்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்து, யூனிட் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் ஜீப் ஏறியிருப்பார். ஒரு பட்டாலியனைக் கர்னல் ஒருவர் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வருடம்தான் நடத்துவார், ஆனால் அதற்குள் யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு அவசர லீவு வேண்டும் என்பதுவரை அவர் மேஜைக்கு வந்துவிடும், அதனால்தான் நல்ல சி.ஓ. போகும்போது முரட்டு ஹவில்தார்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பொறுப்பு ஒரு நொடிகூடக் காலியாக இருக்காது, புதியவர் முறைப்படி ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழையவர் கிளம்புவார். ராணுவப்பேட்டை என்று பேரெடுத்த ஊர் உங்களுடையது, பக்கத்து வீட்டு எக்ஸ் சர்வீஸ்மேன் யாரையாவது கேளுங்கள், நான் சொன்னதைவிட நன்றாகச் சொல்வார். அப்புறம் ஒன்று, உங்கள் மகன் பென்ஷனில் வரும் நாளில் காட்பாடி ஸ்டேஷனுக்கு மாலையும் மேளமுமாக ஊரே போய் அழைத்து வர வேண்டும் என்பது என் ஆசை.

வாசகர், அரக்கோணம்: கடற்படையிலும் இப்படி உண்டா?

பதில்: உண்டு. அங்கேயும் காரில் கயிறு கட்டி அதிகாரிகளே இழுத்து வழியனுப்புவார்கள். கப்பல் கேப்டன் என்றால் அவரைப் படகில் ஏற்றி அதிகாரிகளே துடுப்புப் போட்டுக் கரை சேர்ப்பது பழைய வழக்கம். 1992-இல் தொடங்கிய உங்கள் ஊர்க் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில் பொறுப்பு கைமாறுவது அணிவகுப்பு மரியாதையோடு நடக்கும்.