சட்டம் கேளுங்கள்: தூக்குத் தண்டனைக்கு எதிராக வாதாடும் வேலை

இந்த இதழுக்கு டெல்லி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. டெல்லி நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் இருவர் பதில் சொல்கிறார்கள்.

என் மகள் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. கடைசி வருடம் படிக்கிறாள். தூக்குத் தண்டனைக் கைதிகளுக்காக வாதாடப் போகிறேன் என்கிறாள். 'கொலைகாரனுக்கா வக்காலத்து?' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும்? பிழைப்பு நடக்குமா?
– ஒரு தாய், ஆர்.கே.புரம்

சொந்தக்காரர்களுக்குக் கோவையில் நடந்ததைச் சொல்லுங்கள் அம்மா. அங்கே வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் ஏ.எஸ்.முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்றது. எத்தனை கொடியவர் என்று ஊர் சொன்னாலும் அவருக்காக வாதாட மறுப்பது தொழில் தர்மத்துக்கு விரோதம் என்றும் சொன்னது.

இன்னொன்றையும் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் ஆறு பேருக்குத் தூக்கு என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2019 மார்ச்சில் ஆறு பேரையும் விடுவித்து, தலைக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இடையில் தூக்கு நிறைவேறியிருந்தால் இழப்பீட்டை யார் கையில் கொடுப்பது?

இனி வேலை. டெல்லி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலைத் தீர்ப்புக்குப் பிறகு பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். அதன்பின் நேரே உச்ச நீதிமன்றத்துக்கு ஓடவேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. தீஸ் ஹசாரி, கர்கர்டூமா, ரோகிணி, சாகேத் என்று எங்காவது ஒரு செஷன்ஸ் வழக்கறிஞரிடம் மூன்று நான்கு வருடமாவது ஜூனியராக இருக்கட்டும். கீழ்க்கோர்ட்டில் கேட்காமல் விட்ட குறுக்கு விசாரணைக் கேள்வியை, எவ்வளவு பெரிய சீனியர் வந்தாலும் மேல்கோர்ட்டில் போய்க் கேட்க முடியாது. தூக்குத் தண்டனை வழக்குகளில் பெரும்பாலானவை அங்கேதான் கெட்டுப்போகின்றன.

இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் முழுநேரப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம் உண்டு. அதில் உதவி வழக்கறிஞராகச் சேரப் பெரிய அனுபவம் தேவையில்லை. மாதச் சம்பளம் உண்டு, தனி பிராக்டீஸ் கூடாது. தூக்கு அல்லது ஆயுள் விழக்கூடிய வழக்கில் தலைமை ஏற்க மட்டும் பொறுக்க வேண்டும். அனோகிலால் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளுக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் உள்ளவர்களையே சட்ட உதவி வழக்கறிஞராகவோ, நீதிமன்றமே தனக்கு உதவ அமர்த்தும் அமிகஸாகவோ நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்றது. அந்த வழக்கில் அமிகஸை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனைந்து, இரண்டே வாரத்தில் தூக்கு விதித்திருந்தார்கள்.

உச்ச நீதிமன்றத்தில் தன் பெயரிலேயே மனுத் தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்டு ஆக வேண்டும். நான்கு வருடத் தொழில், அதற்குமேல் ஒரு வருடப் பயிற்சி, பிறகு தேர்வு. பணம் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. இந்த வழக்குகள் மட்டும் சோறு போடாது. ஜாமீன் மனு, செக் மோசடி வழக்கு என்று மற்றதையும் சேர்த்தே நடத்த வேண்டியிருக்கும்.

தண்டனை பற்றிய விசாரணையில் 'ஏழை, இளவயது, முதல் குற்றம், வயதான பெற்றோர்' என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் என்ன செய்ய வேண்டும்?
– சட்ட மாணவர், முனிர்கா

அந்த ஐந்து நிமிடத்தில்தான் உயிர் போகிறது. 1980-ல் பச்சன் சிங் வழக்கு 'அரிதினும் அரிது' என்ற அளவுகோலைத் தந்தபோதே, குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும், இவர் திருந்த மாட்டார் என்பதை அரசுதான் சாட்சியத்தோடு காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் இன்னும் தெளிவாக்கினார்கள். மனநல மதிப்பீடு, நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை, சிறையில் நடந்துகொண்ட விதம் எல்லாம் நீதிமன்றத்தின் முன் வர வேண்டும்.

ஆகவே குற்றவாளி என்று தீர்ப்பு வந்த அன்றே, தண்டனை விசாரணைக்கு அவகாசம் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். வாயால் கேட்டால் ஆவணத்தில் ஏறாது. மனோஜ் தீர்ப்பைக் குறிப்பிட்டு, எந்தெந்த ஆவணம் வர வேண்டும், எந்த ஊரிலிருந்து வர வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே உயர் நீதிமன்றத்தில் உங்களுக்கு ஒரு வாதம்.

மிட்டிகேஷன் (தண்டனையைக் குறைப்பதற்கான காரணங்களைத் திரட்டுவது) என்று நாங்கள் சொல்லும் வேலை உண்மையில் ஒரு முழு வாழ்க்கை வரலாறு எழுதுவது. தாத்தா காலத்திலிருந்து மூன்று தலைமுறை. வீட்டாரிடம் 'பையன் எப்படி?' என்று கேட்டால் 'தங்கமான பிள்ளை' என்பார்கள், அது எதற்கும் உதவாது. அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கின? இவன் எப்போது பேச ஆரம்பித்தான்? எந்த வகுப்பில் நின்றான், ஏன்? மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தானா, எத்தனை நாள் நினைவில்லாமல் கிடந்தான்? எந்த வயதில் வேலைக்கு அனுப்பினீர்கள், யாரோடு? தலையில் அடிபட்டதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பழைய முதலாளியின் வார்த்தை என்று ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு காகிதமோ ஓர் ஆளோ வேண்டும். ஒரே சந்திப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. சிறுவயதில் தனக்கு நேர்ந்த கொடுமையை ஒரு கைதி ஐந்தாவது, ஆறாவது முலாக்காத்தில் (சிறைச் சந்திப்பில்) சொன்னால் அதுவே சீக்கிரம். கண்ணாடிக்கு அப்பால் இண்டர்காமில் கேட்காதீர்கள். வழக்கறிஞர் சந்திப்பாக நேரில் உட்காரக் கேளுங்கள்.

வயதை ஒருபோதும் போலீஸ் எழுதியபடி எடுத்துக்கொள்ளாதீர்கள். புனே கொலை வழக்கில் தூக்கு உறுதியான ஒருவர், சம்பவத்தின்போது பன்னிரண்டரை வயதுச் சிறுவன் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கண்டறிந்து விடுவித்தது. 28 வருடம் உள்ளே இருந்துவிட்டார். அவரைக் காப்பாற்றியது பள்ளிக்கூடப் பதிவு. சிறார் நீதிச் சட்டப்படி இந்தக் கோரிக்கையை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். வரிசை முக்கியம்: பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலிருந்து 2016-ல் வெளிவந்த ஆய்வு, தூக்குத் தண்டனைக் கைதிகளில் முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று காட்டியது. 'ஏழை' என்ற ஒரு சொல் நீதிபதியின் காதில் விழாமல் போவதும் அதனால்தான். எல்லாரும் ஏழை. இந்த ஏழைக்கு என்ன நடந்தது என்பதைக் காட்டுங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனை வந்துவிட்ட பிறகும் தவறு நடக்குமா?
– வாசகர், ஜனக்புரி

நடக்கும். பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே நடக்கும். டெல்லி சாவ்லா இளம்பெண் கொலை வழக்கில் 2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27-ம் தேதிதான் ஆய்வுக்கூடம் போயின. அதுவரை போலீஸ் நிலைய மால்கானாவில், அதாவது கைப்பற்றிய பொருள்களை வைக்கும் அறையில், கிடந்தன. யாரும் கை வைத்திருக்க முடியாது என்று சொல்ல இயலாது என்றது உச்ச நீதிமன்றம். 49 சாட்சிகளில் முக்கியமான 10 பேரைக் குறுக்கு விசாரணையே செய்யவில்லை என்பதையும் குறித்தது. கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் தூக்கு என்ற மூவரும் 2022 நவம்பரில் விடுதலையானார்கள். 19 வயது மகளைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு, யார் செய்தது என்ற பதில் கடைசிவரை கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் சரியாக வேலை செய்யாத விசாரணை அந்தக் குடும்பத்துக்கும் செய்யும் துரோகம்தான்.

டெல்லி வழக்கில் பார்க்க வேண்டியவை: கைப்பற்றல் மகஜரில் உள்ள நேரமும் முத்திரை எழுத்தும், மால்கானாவின் 19-ம் எண் பதிவேடு, பொருள் வெளியே போன 21-ம் எண் பதிவேட்டின் ரோடு சர்டிபிகேட், ஆய்வுக்கூட ரசீதில் 'முத்திரை சேதமின்றி மாதிரியோடு ஒத்தது' என்ற வரி. ஒரு நாள் இடைவெளி இருந்தாலும் அந்தத் தலைமைக் காவலரைக் கூண்டில் ஏற்றிக் கேளுங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கம் மட்டும் போதாது, எலக்ட்ரோஃபெரோகிராம் என்கிற மூல வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டால் எல்லாம் முடிந்ததா?
– வாசகி, கரோல் பாக்

இல்லை. 30 நாளுக்குள் சீராய்வு மனு. 2014-ல் வந்த முகமது ஆரிஃப் தீர்ப்புப்படி, தூக்கு வழக்கில் அதை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அதுவும் தள்ளுபடியானால், உச்ச நீதிமன்றத்திலேயே கடைசி வாய்ப்பான க்யூரேட்டிவ் மனு. கருணை மனுவுக்கு இப்போது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 472-வது பிரிவு கெடு வைத்திருக்கிறது: சிறைக் கண்காணிப்பாளர் தள்ளுபடித் தகவலைச் சொன்ன நாளிலிருந்து 30 நாள், ஆளுநர் நிராகரித்தால் அடுத்த 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. கைதியோ வாரிசோ உறவினரோதான் மனுப் போடலாம் என்று பிரிவு சொல்கிறது. கண்காணிப்பாளர் சொன்ன தேதியை எழுத்தில் வாங்குவது முதல் வேலை.

கருணை மனுவில் சட்ட வாதத்தைத் திரும்ப எழுதுவது வழக்கமான பிழை. சிறை நடத்தை, மருத்துவக் குறிப்பு, உள்ளே படித்த படிப்பு, இதுவரை எந்த நீதிமன்றமும் பார்க்காத ஆவணம் ஆகியவற்றை வையுங்கள். ஒவ்வொரு கடிதமும் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் இருந்தது என்று நோட்டுப் போட்டு வையுங்கள். 2014 ஜனவரியில் சத்ருகன் சௌகான் வழக்கில், அரசின் காரணமில்லாத தாமதமும் மனநோயும் தண்டனையைக் குறைக்கக் காரணங்கள் என்று 15 பேரின் தூக்கு ஆயுளாயிற்று. நிராகரிப்பைச் சொன்ன நாளுக்கும் தூக்குக்கும் இடையே 14 நாள் வேண்டும் என்றதும் அந்தத் தீர்ப்பே. அடுத்த மாதமே, 11 வருடம் கிடப்பில் இருந்த கருணை மனுக்களைக் காட்டி பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரும் உயிர் பிழைத்தார்கள். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையும் ஆனார்.

கருணை மனு நிலுவையில் இருக்கும்போது கைதியைத் தனிமையில் அடைக்கிறார்களா என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேளுங்கள். திகார் சிறையிலிருந்து எழுந்த சுனில் பத்ரா வழக்கில் 1978-லேயே அது கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. வீட்டாரிடம் 'நிச்சயம் காப்பாற்றிவிடுவோம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த தேதி என்ன, அன்று என்ன நடக்கும், அதை மட்டும் சொல்லுங்கள்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சட்டம் தெரியாது. ஏதாவது உதவ முடியுமா?
– வாசகி, மயூர் விஹார்

நிறையவே முடியும். தமிழ்நாட்டு வழக்குக் கட்டு டெல்லிக்கு வரும்போது வாக்குமூலங்கள், மகஜர் எல்லாம் தமிழில் இருக்கும். ஆங்கிலத்தில் பெயர்த்தால்தான் நீதிபதிகள் படிப்பார்கள். ஒரு சொல் பிசகினால் உயிர்ச்சேதம்.

'கை வச்சுட்டான்' என்று ஒரு சாட்சி சொல்கிறார். அடித்தான் என்றும் ஆகும், திருடினான் என்றும் ஆகும், பெண்ணிடம் தவறாக நடந்தான் என்றும் ஆகும். 'போட்டுட்டேன்' என்பது கொன்றேன் என்பதா, ஓர் அடி போட்டேன் என்பதா? கருக்கரிவாளையும் வெட்டரிவாளையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் எழுதிவிட்டால், பிரேதப் பரிசோதனையில் உள்ள காயத்தோடு ஆயுதம் பொருந்துகிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. 'அண்ணன்' என்பவர் கூடப்பிறந்தவரா, பெரியப்பா மகனா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதைப் பொறுத்து அவர் வேண்டப்பட்ட சாட்சியா, பொதுச் சாட்சியா என்பது மாறும். 'கோழி கூப்பிடுற நேரம்' என்பதை மணிக்கணக்கில் மாற்றி எழுதவே கூடாது.

இப்படிச் செய்யுங்கள். ஐயமுள்ள சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்து, அதன் எல்லாப் பொருளையும் அடிக்குறிப்பில் எழுதுங்கள். மூலத்தின் பக்க எண்ணை ஓரத்தில் போடுங்கள். படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் 'தெளிவில்லை' என்று குறியுங்கள். சாட்சியின் இலக்கணப் பிழையைத் திருத்தாதீர்கள், வாத்தியார் கைக்கு அதுதான் கஷ்டம்.

உங்கள் சொந்த ஊர்ப் பக்கத்துக் கைதி என்றால், ஊருக்குப் போகும்போது பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டின் சான்று நகலையும் வாங்கி வரலாம். வழக்கறிஞரின் கடிதத்தோடு போங்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி உள்ள வரி மட்டும் போதாது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளும் சேர்ந்த முழுப் பக்கமாக வாங்குங்கள், இடையில் பின்னால் சேர்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரியும். தலைமையாசிரியரின் கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை, பதிவேட்டின் பக்க எண் நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.