பழைய கார் வாங்கும்போது ஸ்மாக் சான்று யார் பொறுப்பு?

தம்பி, சான் ஹோசேயில் அறைத்தோழர் ஊருக்குத் திரும்புகிறார், அவருடைய 2014 கொரோலாவை வாங்கப் போகிறீர்கள், பதிவு இந்த மாதத்தோடு முடிகிறது, "ஸ்மாக் சோதனையை (கார் புகைச் சோதனையை) நீயே பார்த்துக்கொள்" என்கிறாராம். சரி என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லாதீர்கள். கலிஃபோர்னியாவில் நான்கு மாடல் வருடங்களுக்கு மேல் பழசான பெட்ரோல் காரை விற்றால், 90 நாளுக்குள் எடுத்த ஸ்மாக் சான்றைக் கொடுக்க வேண்டியது விற்பவர்தான். சட்டமே அப்படி. அண்ணன் தம்பி, கணவன் மனைவி என்று குடும்பத்துக்குள் கைமாறினால் விலக்கு உண்டு. அறைத்தோழர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

நம் ஊரில் பெட்ரோல் பங்க் ஓரமாகப் புகைச் சான்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைப்போம், போலீஸ் நிறுத்தினால் காட்டுவோம். இங்கே வழியில் யாரும் அதைக் கேட்பதில்லை. சோதனைக் கடையிலிருந்து முடிவு நேராக டி.எம்.வி. என்ற வாகனப் பதிவுத் துறையின் கணினிக்குப் போய்விடும். அங்கே 'பாஸ்' என்று ஏறாவிட்டால் நம்பர் பிளேட்டில் ஒட்டும் பதிவு ஸ்டிக்கர் வராது.

வந்த புதிதில் இது தெரியாமல் நான் நன்றாகப் பட்டேன். சன்னிவேலில் ஒருவரிடம் பழைய கேம்ரி வாங்கினேன். செக் என்ஜின் லைட் எரியவில்லை, ஓட்டமும் சுகம். மறுநாள் ஸ்மாக் கடைக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒயரைச் செருகினார். 2000 மாடல் முதல் வந்த பெட்ரோல் கார்களுக்குச் சைலன்சரில் குழாய் விட்டுப் பார்ப்பதில்லை. காரின் கணினியைத்தான் படிப்பார்கள். திரையைப் பார்த்து, "கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டை யாரோ அழித்திருக்கிறார்கள், கார் இன்னும் தன்னைத்தானே சோதித்து முடிக்கவில்லை. சில நாள் ஓட்டிவிட்டு வாருங்கள்" என்றார். 101 நெடுஞ்சாலையில் ஒரு வாரம் ஓட்டினேன். ஐந்தாம் நாள் காலை அந்த மஞ்சள் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருந்தது. கார் விலையில் பாதிக்கு மேல் அதற்கே போனது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

அதனால் பேட்டரியைச் சமீபத்தில் மாற்றினாரா என்று உங்கள் அறைத்தோழரிடம் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால் முதலில் 'ப்ரீ டெஸ்ட்' என்ற முன்னோட்டச் சோதனை எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஸ்மாக் தள்ளிப்போனாலும் பதிவுக் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டிவிட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஸ்டிக்கரை மட்டும் நிறுத்தி வைப்பார்கள். கட்டாமல் விட்டால் அபராதம் ஏறும். கார் கைக்கு வந்த 10 நாளில் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள். விற்றதை 5 நாளுக்குள் டி.எம்.வி.க்குத் தெரிவிப்பது அவர் வேலை. விமானம் ஏறுமுன் செய்யச் சொல்லுங்கள்.

சோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாஸ் ஆன தாளைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன்.