வாங்கிய வாகனம் யாருடையது?

கேள்வி: ஹட்டன் பக்கத்தில் இருக்கிறேன். பழைய தூக்கு விளக்கு, காமன் கூத்து முடி, கண்டிப் பாக்குவெட்டி என்று பல வருடமாகச் சேர்த்து வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மரக் குதிரை வாகனத்தை 85,000 ரூபாவுக்கு வாங்கினேன். விற்றவர், தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பார்த்துவந்த காலஞ்சென்ற பெரியவரின் மகன். பற்றுச்சீட்டு இல்லை. இப்போது கோயில் பரிபாலன சபையினர் அது கோயிலுடையது என்று பொலிஸில் முறைப்பாடு செய்யப் போகிறார்களாம். லண்டனில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: அனுப்பாதீர்கள். இன்றைக்குச் சிவில் தகராறாக இருப்பதை நாளைக்குக் குற்றவியல் வழக்காக்க அந்த ஒரு பார்சல் போதும். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை நேர்மையற்று வைத்திருப்பது தண்டனைச் சட்டக் கோவையின் 394ஆம் பிரிவில் குற்றம். வாங்கிய நாளில் உங்களுக்கு எதுவும் தெரியாதிருந்திருக்கலாம். ஆனால் சபையினர் வந்து சொல்லிவிட்டார்கள். இனி அதை விற்றால், ஒளித்தால், கடல் கடத்தினால் "தெரியாது" என்ற வாதம் நிற்காது.

வாகனம் எவ்வளவு பழையது என்பதைப் பிறகு பார்ப்போம். விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதே முதற் கேள்வி. கோயிலுக்குக் கொடுத்த பொருள், அதைப் பராமரிப்பவரின் வீட்டில் கிடந்தாலும் கோயிலுடையதே. அவர் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே. மகனுக்கு அது முதுசமாகப் போகாது. இல்லாத உரிமையை அவர் உங்களுக்குத் தந்திருக்கவும் முடியாது. சரி, பெரியவர் சொந்தக் காசில் செய்து தம்முடையதாகவே வைத்திருந்தார் என்றே கொள்வோம். அப்போதும் அவர் இறுதி விருப்பாவணம் எழுதாமல் இறந்திருந்தால், மலையகத் தமிழருக்குப் பொருந்துவது பொதுச் சட்டம், யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் அல்ல. மனைவிக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஒரு மகன் தனியாக முழு வாகனத்தையும் விற்க முடியாது. பத்து வருடம் கையில் இருந்தால் நமக்காகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது காணிக்கான கணக்கு.

ஆகவே இன்றே வாகனத்தைப் புரட்டிப் பாருங்கள். பீடத்தின் அடிப்பலகை, தண்டு செருகும் துளைகளின் உட்பக்கம், வயிற்றுப் பகுதி, இந்த மூன்று இடத்திலும் "உபயம்" என்று பெயரோ தோட்டமோ வருடமோ வெட்டியோ எழுதியோ இருக்கலாம். கிடைத்தால் வழக்கு அங்கேயே பெரும்பாலும் முடிந்தது. பழைய வர்ணத்தைச் சுரண்டாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள், உளுத்த காலை மாற்றாதீர்கள். சேகரிப்பவர்கள் நல்லெண்ணத்தோடு சுத்தம் செய்யப்போய்த்தான் சான்றை அழிக்கிறார்கள். பிறகு அதையே "அடையாளத்தை அழித்தார்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். எல்லாப் பக்கமும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். உயரம், நீளம், ஒட்டுப்போட்ட இடங்கள், வாங்கிய திகதி, காசு கொடுத்த விதம், கூட இருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள். வங்கியிலிருந்து பணம் எடுத்த பதிவு இருந்தால் அதுவும் சான்று.

அடுத்து, ஒரு சட்டத்தரணியோடு சபையினரைச் சந்தித்து அவர்களிடம் உள்ளதைக் கேளுங்கள்: பழைய திருவிழாப் படம், உபயக் கணக்குப் புத்தகம், வாகனம் வீதியுலா வந்ததைக் கண்ட முதியவர்கள். இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது இரு தரப்பும் கையொப்பமிட்ட பத்திரம் வேண்டும். நல்ல நம்பிக்கையில் வாங்கியதும் தாமாகத் திருப்பியதும் அதில் வரவேண்டும். பொலிஸார் எடுத்துச் சென்றால் பொருளின் விபரத்தோடு பற்றுச்சீட்டு கேளுங்கள்.

காசை விற்றவரிடமிருந்து கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விற்கும் உரிமை தனக்கு உண்டு என்பது விற்பவர் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம், பிறகு மத்தியஸ்த சபை, அதற்குப் பிறகே நீதிமன்றம். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு வழக்குக் காலம் 3 வருடம். அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று வாதாடலாம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து எண்ணி, மிச்சமுள்ள ஒரு வருடத்துக்குள் முடிப்பதே புத்தி.

வயதுக்கு வருவோம். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளைத்தான் தொல்பொருள் என்கிறது, அதாவது கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் கையளித்த கண்டி உடன்படிக்கை நாள். பெருந்தோட்டங்கள் அதன் பிறகு வந்தவை என்பதால், இங்கேயே செய்த தோட்டக் கோயில் வாகனம் அந்த வரைவிலக்கணத்தில் விழாது. அதற்காக ஏற்றுமதி தாராளம் என்று நினைக்க வேண்டாம். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் தனியாக இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை அனுப்பத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், தபாலில் போனாலும் பயணப்பையில் போனாலும். அத்தகைய பொருட்களை விற்பதைத் தொழிலாக்கினால் அதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் பாக்குவெட்டிகளில் கண்டி இராச்சியக் காலத்தவை இருந்தால் அவை 1815க்கு முந்தியவையாக இருக்கக்கூடும். நீங்களே வயது சொல்லாமல் திணைக்கள அலுவலரிடம் காட்டுங்கள். யானைத் தந்தம் பதித்த பிடியோ சுண்ணாம்புக் கரண்டகமோ இருந்தால் அதை வேறாக எடுத்து வையுங்கள். அது வனவிலங்குச் சட்டத்தின் விவகாரம், வயது எவ்வளவானாலும் சட்டத்தரணியைக் கேட்காமல் விற்கவோ அனுப்பவோ கூடாது.

இனி வாங்கும்போது ஒரு தாளில் விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பொருள் அவருக்கு எப்படி வந்தது, மற்ற உரித்தாளிகளின் சம்மதக் கையொப்பம், விலை, திகதி, இரண்டு சாட்சிகள். படத்தையும் அதோடு இணையுங்கள். கோயில் பொருளென்றால் சபையின் கூட்ட அறிக்கையில் தீர்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கை வைக்காதீர்கள்.