ஐஸ்பழ நிறத்தில் ஒரு பழைய மவுண்டன் சைக்கிள்

கேள்வி: உவர்மலையில் ஒரு வீட்டில் 90களில் வாங்கிய ஜப்பான் மவுண்டன் சைக்கிள் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. இரும்பு பிரேம், 26 சில்லு, 21 கியர். 22,000 ரூபாய் சொல்கிறார்கள். சின்ன வயதில் எங்கள் ஒழுங்கைக்கு வந்த ஐஸ்பழப் பெட்டிச் சைக்கிள் மாதிரி இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ற் அடித்து, ரப்பர் ஹோர்னும் பூட்டி, மகளை ஏற்றிக்கொண்டு நிலாவெளி வரை போய்வர ஆசை. வாங்கலாமா? முதலில் பெயின்ற் அடிக்கக் கொடுக்கவா?
- வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: வாங்கலாம். ஆனால் காசு கொடுக்க முதல் சீற் தண்டு பிரேமுக்குள் இறங்கும் இடத்தில் உள்ள போல்ற்றைத் தளர்த்தி, சீற்றைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பிரேம் இரும்பு, சீற் தண்டு பெரும்பாலும் அலுமினியம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் இந்த இரண்டுக்கும் இடையில் இறங்கினால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி பூத்து, தண்டு குழாயோடு இறுகிவிடும். பல வருடம் அசைக்காத தண்டை எடுக்கப்போய்ப் பிரேமையே வெட்டியவர்கள் இருக்கிறார்கள். திருகோணமலையில் பழைய சைக்கிள் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான். திரும்பாவிட்டால் விலையை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஹான்டிலிலிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் பிரேம் குழாயின் மேல் முனையில், அதன் கீழ்ப்பக்கம் விரலை ஓட்டுங்கள். அங்கே புடைப்போ, பெயின்ற்றில் மெல்லிய சுருக்கமோ தட்டுப்பட்டால் சைக்கிள் எங்கேயோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். பிறகு கவிழ்த்துவைத்து, பெடல் அச்சுக் குழாயின் அடியில் உள்ள இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் அந்த இலக்கத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். களவுபோன சைக்கிள் என்று நாளைக்கு யாரும் வந்து நின்றால் உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

டயர் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ‘26 சில்லு’ என்று கேட்டு வாங்கிவந்த டயர் ரிம்மில் ஏறவே இல்லை. நம் ஊரில் ஓடும் சாதாரணச் சைக்கிள்களில் 26 x 1 3/8 என்றொரு அளவு உண்டு. அதன் ரிம் 590 மில்லிமீற்றர். மவுண்டன் சைக்கிளின் ரிம் 559. பெயர் இரண்டுக்கும் 26தான், ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. பழைய டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல் பொறித்திருப்பார்கள். கடைசி மூன்று இலக்கமும் 559ஆக இருக்கிற டயரையே வாங்குங்கள். தார் ரோட்டில்தான் ஓடப்போகிறீர்கள் என்றால் பெரிய கட்டை வைத்த டயர் தேவையில்லை. வழவழப்பானது லேசாக உருளும்.

செயினை அடிமட்டத்தால் அளக்கலாம். ஒரு ஆணியின் நடுவில் அடிமட்டத்தை வைத்து, அதற்கு அடுத்த ஆணியை ஒன்று என்று எண்ணினால், 24வது ஆணியின் நடு வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். அதில் 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள். 1/8 கூடிவிட்டால் பின்பக்கப் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும், அதற்கும் காசு ஒதுக்குங்கள். சைக்கிள் திருத்தும் பாஸ் பிரேக்கை மாற்றச் சொன்னால், லீவரையும் சேர்த்து மாற்றுவாரா என்று கேளுங்கள். அந்தக் காலத்துக் கன்ரிலீவர் பிரேக்கை (சில்லுக்கு மேலே நடுவில் கேபிள் இழுக்கும் வகை) கழற்றி வி-பிரேக் (நீண்ட இரு கைகளைப் பக்கவாட்டில் கேபிள் இழுக்கும் வகை) போட்டால், கைப்பிடி லீவரையும் அதற்குரியதாக மாற்ற வேண்டும். பழைய லீவர் கேபிளைப் போதிய அளவு இழுக்காது. மகளை ஏற்றப்போகிறீர்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டயர், டியூப், செயின், கேபிள், பிரேக் கட்டை, கிறீஸ், பெயின்ற் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கடையில் விலை கேட்டு, 22,000உடன் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைதான் சைக்கிளின் உண்மையான விலை. கடையில் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பெயின்ற் கடைசி வேலை. முதலில் ஒரு மாதம் அப்படியே ஓடிப் பாருங்கள், பழுதெல்லாம் வெளியே வரட்டும். பிறகு முழுதாகக் கழற்றி, புரிகளுக்கு ரேப் ஒட்டி மூடி, உரசிய அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். நம் காற்றில் வெறும் இரும்பை இரவு முழுக்க விட்டால் விடியும்போது துரு பிடித்திருக்கும். உங்கள் நிற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் பல மவுண்டன் சைக்கிள்களே பளிச்சென்ற இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் வந்தன, ஆகவே அந்தச் சைக்கிளின் காலத்துக்கும் அது பொருந்தும். பிரேம் இளஞ்சிவப்பு, முன் போர்க் மஞ்சள், கைப்பிடி ரப்பர் பச்சை. கரியரில் ஐஸ்பழப் பெட்டி மாதிரி ஒன்று வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த இடம் மகளின் சீற்றுக்கு. ஹோர்னை பிரேக் பிடிக்கும் விரல்களுக்கு இடையூறு இல்லாமல் பூட்டுங்கள்.

நிலாவெளியால் வந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு ஒயில் விடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை சீற் தண்டை வெளியே எடுத்துக் கிறீஸ் பூசித் திரும்பப் போடுங்கள்.