சில ஆயிரம் வீடுகளைக் கேட்டு நாட்டின் அன்றாடத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லையே, பிறகு கணக்கு எப்படிச் சரியாகும் என்பது நியாயமான கேள்விதான். மன்னார்குடிப் பக்கம் சம்பா பருவத்தில், விளைச்சலை மதிப்பிட நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பாருங்கள். நன்றாக விளைந்த வயலைத் தேடிப் போவதில்லை. எந்த வயல், வயலுக்குள் எந்த இடம் என்பதைக் குலுக்கல் போல வரும் சமவாய்ப்பு எண்கள் முடிவு செய்கின்றன. அங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து, அடித்து, நெல்லை எடை போடுகிறார்கள். பயிர் சாய்ந்த இடமானாலும் அதுதான். மனிதர் விருப்பம் நுழையாததால்தான் நிகழ்தகவுக் கணிதம் செல்லுபடியாகிறது.

1950இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் முயற்சியால் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வீடுகளை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. 1,000 பேரைச் சமவாய்ப்பில் எடுத்தால், சதவீதத்தில் வரும் பிழை பெரும்பாலும் 3 புள்ளிக்குள் அடங்கும். மொத்த மக்கள்தொகை தஞ்சாவூருடையதா, இந்தியாவுடையதா என்பது ஏறக்குறைய பொருட்டே இல்லை.

ஆனால் கேள்வி தவறானால் கணிதம் காப்பாற்றாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வரும் பெண்ணிடம் "வேலை பார்க்கிறீர்களா?" என்றால், "இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிடக்கூடும். நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் நாற்றுக்கட்டும் மாட்டுத் தொழுவமும் கணக்கில் வரும். 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் அரைமணி அரைமணியாகக் கேட்டுப் பதிவு செய்தது.