மாடிப்படிக்கு அடியில் நிற்பது யாருடைய சைக்கிள்?

கேள்வி: வயது 46. கல்லூரி முடிக்கும்வரை எனக்கு எல்லாமே சைக்கிள்தான். அதைத் தொட்டு 22 வருடம் ஆகிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மறுபடி ஓட்ட ஆசை. திருச்சியில் இரண்டு செகண்ட் ஹேண்ட் ரோடு பைக் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கார்பன் ஃப்ரேம், ஷிமானோ 105 கியர் செட், சைஸ் 56, பத்து வருடம் பழசு, 48,000 ரூபாய். இன்னொன்று அலுமினியம், ஷிமானோ சோரா, சைஸ் 52, நாலு வருடம் பழசு, 26,000. என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். மனசு கார்பனில்தான் இருக்கிறது. சைஸ் பெரிதாக இருக்கிறதே என்றால், "ஸ்டெம்மை (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் கட்டை) மாத்திக்கலாம் சார்" என்கிறார் விற்பவர். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, திருச்சி ரோட்டில் கீரனூர் வரை போய் வர உத்தேசம். வீட்டில் நிறுத்த இடம்தான் இல்லை. பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் போன வருடம் பள்ளியில் கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் சும்மா கிடக்கிறது. பள்ளி மூன்று கிலோமீட்டர்தான் என்றாலும் ரோடு சரியில்லை என்பதால் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். அதை விற்றுவிட்டால் இடம் கிடைத்துவிடும். எதை வாங்கலாம்?
— பெயர் வேண்டாம், புதுக்கோட்டை

பதில்: தம்பி, அலுமினியத்தை வாங்குங்கள். காரணம் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தின் கடைசி சில வரிகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நாற்பதைத் தாண்டி மறுபடி சைக்கிள் ஏற நினைக்கும் ஆண்களின் கடிதங்கள் எனக்கு நிறையவே வருகின்றன. சர்க்கரை, தொப்பை, கல்லூரி ஞாபகம் என்று எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த ஃப்ரேம், எத்தனை கியர் என்று கேட்பார்கள். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் சைக்கிளை நிறுத்த மகளின் சைக்கிளை விற்கப் போகிறேன் என்று, பழைய பேப்பரை எடைக்குப் போடுகிற மாதிரி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அது யாருடைய சைக்கிள்? பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி அது. பிள்ளை பெயரில், பிள்ளை கையில் கொடுப்பது. அதை விற்க நீங்கள் யார்? அவளிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. சும்மா கிடக்கிறது என்கிறீர்கள். தானாகப் போய் அது மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்ளவில்லை. ரோடு சரியில்லை என்று சொல்லி நீங்கள்தான் அங்கே தள்ளினீர்கள்.

சரி, அந்த ரோட்டைப் பற்றியே பேசுவோம். விடியாத நேரத்தில், லாரியும் வெளியூர்ப் பேருந்தும் பறக்கிற நெடுஞ்சாலையில், 22 வருடம் சைக்கிளைத் தொடாத நீங்கள் கீரனூர் வரை போகலாம். போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர். பதினேழு வயதுப் பெண் பட்டப்பகலில், ஊருக்குள்ளே, மூன்று கிலோமீட்டர் போகக் கூடாது. இரண்டில் எது ஆபத்து என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். உங்களை உறுத்துவது ரோடு இல்லை என்றே நினைக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார், பையன்கள் பின்னால் வருவார்கள், சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இதை எழுதக் கூச்சமாக இருந்திருக்கும், அதனால் பழி ரோட்டின் மேல் விழுந்தது.

நீங்கள் எந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதையாவது யோசித்தீர்களா? 1990களின் தொடக்கத்தில், எழுத்தறிவு பரப்பும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவு வேலையோடு சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு ஆனது. கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், பால்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் எல்லாரும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். நடுவில் பார் இருந்தால் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம். அவர்களைக் கேலி பேசியவர்களும் இருந்தார்கள், அதற்காக அவர்கள் இறங்கிவிடவில்லை. உங்களுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு அதே தெருக்களில்தான் சுற்றியிருப்பீர்கள், எல்லாம் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் இன்றைக்கு ஒரு பிளஸ் டூ பெண் அப்பாவின் ஸ்கூட்டர் பின்சீட்டில் பள்ளிக்கூடம் போகிறாள்.

கொண்டுபோய் விடுவது தகப்பன் கடமை என்று நினைக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அது சரி. பிளஸ் டூ பெண்ணுக்குத் தகப்பன் செய்ய வேண்டியது, தனியாகப் போய்வரப் பழக்குவது. அடுத்த வருடம் கல்லூரி. அது திருச்சியோ மதுரையோ, அங்கே எந்த ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவீர்கள்? லாரிக்கு எப்படி ஒதுங்குவது, வளைவில் எப்படிக் கை காட்டுவது, எவனாவது பின்னால் வந்தால் எந்தக் கடை வாசலில் போய் நிற்பது, இதெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து வராது. (உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

அதனால் முதல் வேலையாக அவள் சைக்கிளை வெளியே எடுத்துத் தெருமுனைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போங்கள். ஒரு வருடம் நின்ற டயர் வெடிப்பு விட்டிருக்கும், ட்யூப் ஒட்டிப்போயிருக்கும். இரண்டையும் மாற்றுங்கள். பால்ரஸ் கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்து, பிரேக் கட்டையும் ஒயரும் மாற்றி, வீல் கோட்டம் எடுத்து, முழுசாக ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. 48,000 ரூபாய் எடுத்து வைத்திருப்பவருக்கு அது ஒரு பணமா? பிறகு ஒரு வாரம் அவளோடு பள்ளி வரை போய் வாருங்கள், அவள் முன்னால், நீங்கள் பின்னால். எட்டாம் நாள் வீட்டிலேயே இருங்கள்.

இனி உங்கள் வண்டி. 56 சைஸ் என்பது ஐந்தடி பத்து, பதினொன்று உயரம் உள்ளவருக்கானது. சீட்டை இறக்கிவிடலாம், ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கிற நீளம் ஃப்ரேமோடு வந்தது. ஸ்டெம்மைக் குட்டையாக்கினால் மூன்று சென்டிமீட்டர் மிச்சம் பிடிக்கலாம். அதற்குமேல் போனால் ஹேண்டில் துள்ளும். கையை நீட்டி நீட்டிப் பிடித்து, பத்தாவது கிலோமீட்டரில் உள்ளங்கை மரத்து, இருபதாவதில் கழுத்து பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் அந்த வண்டியும் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். 52 உங்களுக்குச் சரியாக வரும். இருந்தாலும் ஏறி, பிரேக்குக்கு மேல் கை வைத்து, முழங்கை லேசாக மடங்குகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கார்பன் நல்ல பொருள்தான், ஆனால் பத்து வருடம் யார் கையில் எப்படி இருந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அலுமினியம் அடிபட்டால் நசுங்கியது கண்ணுக்குத் தெரியும். கார்பன் பெயின்டுக்கு உள்ளேயே விரிந்திருக்கலாம். உங்கள் தெருமுனைக் கடைக்காரரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. எடை ஒன்றிரண்டு கிலோ குறையும் என்பீர்கள். ராத்திரி பரோட்டாவை இரண்டு மாதம் நிறுத்தினால் அந்த எடை உங்கள் உடம்பிலேயே குறைந்துவிடும். சோரா ஒன்பது ஸ்பீடு. 105இன் பதினொரு ஸ்பீடு சாமானைவிடச் செயின், கேசட் (பின் சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு) எல்லாம் மலிவு. முன் பற்சக்கரம் இரண்டின் பல் எண்ணிக்கை 50/34 ஆகவும் பின்னால் பெரிய பற்சக்கரத்தின் பல் 28 அல்லது 32 ஆகவும் இருந்தால் உங்கள் முட்டி பிழைக்கும். 53/39 போட்டது என்றால் தொடாதீர்கள். ஊரில் மலை இல்லையே என்பீர்கள். ஆடிக் காற்று இருக்கிறதே.

பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தச் சோதனைகளில் பாதிக்கு இன்னொரு ஆள் வேண்டும், அவளும் கற்றுக்கொள்வாள். வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, சாய்ந்து வரும் பெரிய குழாயின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் எங்காவது மோதிய வண்டி என்றால் அங்கே பெயின்ட் சுருக்கம் விழுந்திருக்கும். அப்புறம் நேராக நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் அவள் விரலை வைத்துப் பார்க்கட்டும், லொடலொட என்றால் ஆட்டம் இருக்கிறது. பெடல் கட்டையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பின் கியரைப் பின்னாலிருந்து பார்த்தால் செங்குத்தாகத் தொங்க வேண்டும். கோணலாக இருந்தால் வலப்பக்கம் விழுந்த வண்டி. சீட் போஸ்டைக் கட்டாயம் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். துருவும் உப்பும் பிடித்துச் சிக்கிக்கொண்டது என்றால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். வீட்டுக்குள் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) மாட்டி ஓட்டினாரா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். வியர்வை சொட்டிச் சொட்டி ஸ்டெம் போல்ட்டுகளை அரித்திருக்கும்.

செயினுக்கு, தச்சர் வைத்திருக்கிற இரும்பு டேப் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால், அதற்கு அடுத்து வரும் 24ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பாகம் தள்ளி விழுந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பாகம் தள்ளினால் கேசட்டும் சேர்த்துப் போய்விட்டது, அந்தப் பணத்தை விலையில் கழியுங்கள். ரிம் பிரேக் என்றால் கட்டை உரசும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், குழிந்திருந்தால் ரிம்மின் ஆயுள் முடியப்போகிறது.

23 எம்எம் டயர் இருந்தால் மாற்றிவிடுங்கள். நம் ரோட்டுக்கு, ஃப்ரேமில் இடம் இருந்தால் 28 போடுங்கள். வால்வு மெல்லியதாக, பிரெஸ்டாவாக இருக்கும், ஊர்க் கடை பம்ப் அதில் ஏறாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் மாதம் கீரனூர் ஆசை வேண்டாம், ஊருக்குள் பத்து கிலோமீட்டர் போதும். இருட்டில் கிளம்பினால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். கிளம்புமுன் அந்த டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது. அதனால் ஒரிஜினல் பில்லைக் கேளுங்கள், பெடலுக்கு நடுவில் ஃப்ரேமின் அடியில் அடித்திருக்கும் நம்பர் பில்லில் இருந்தால் ஒத்துப் பாருங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால், விற்பவரின் பெயர், முகவரி, ஃப்ரேம் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் தயங்கினால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். சைக்கிளோடு தன் பழைய ஹெல்மெட்டையும் சும்மா தருகிறேன் என்பார். வாங்காதீர்கள். ஒருமுறை கீழே விழுந்த ஹெல்மெட்டில் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருந்தாலும் வெளியே தெரியாது. புதிதாக இரண்டு வாங்குங்கள். அவளுடையதை அவள் தலையில் வைத்து அளவு பார்த்து வாங்குங்கள். நிறத்தை அவள் சொல்லட்டும்.